சூடேறிய மண்பெட்டி

விதை முளைக்க மண்ணைச் சூடாக்கும் மின்சார வயர் ஒன்றைக் கனடாவிலிருந்து அண்ணா அனுப்பியிருந்தார். குளிர்நாட்டில் கண்ணாடி வீட்டுக்குள் பாவிப்பதாம். கொழும்பு வெள்ளவத்தை வெயிலில் மண்ணுக்கு எதற்குச் சூடு என்று கேட்காதீர்கள். அண்ணா அனுப்பியது, அவ்வளவுதான். மண்பெட்டிக்குள் அதைப் புதைத்து, கறிமிளகாய் விதை போட்டேன்.

யுத்தகாலம். வீடுவீடாகச் சோதனைக்கு வந்த ஆமிக்காரர், மண்ணுக்குள் ஓடிய வயரைக் கண்டதும் குண்டென்று நினைத்துத் துவக்கை நீட்டினார்கள். தெரிந்த சிங்களமெல்லாம் மறந்துபோய், "விதை, விதை" என்று தமிழிலேயே கத்தினேன்.

சத்தம் கேட்டு இறங்கிவந்த மேல்மாடிச் சிங்கள ஆன்ட்டி, விறுவிறென்று பெட்டிக்குள் கையை விட்டு மண்ணை அள்ளினார். உள்ளங்கையில் ஒரு வெள்ளை முளை. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

"அது என்னெண்டு தெரிஞ்சுதானே கைவச்சனீங்கள், ஆன்ட்டி?"

"தெரியாது மகள்," என்றார், மண் ஒட்டிய கையை ஹவுஸ்கோட்டில் துடைத்தபடி.