முன் பிரேக்

சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் இரும்புத் தகடு விழுந்து வலது கை நசுங்கிய பிறகு, அண்ணன் ஊரோடு வந்துவிட்டான். கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தவிர மற்றவை மடங்கவில்லை. கூடவே ஓர் அட்டைப் பெட்டியில் அவனுடைய ரேஸ் சைக்கிள் வந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரமாக ஓட்டியது. திருவிடைமருதூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில், குறுவை அறுவடை தொடங்கும்வரை அந்தப் பெட்டி பிரிக்காமலே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவனே பிரித்தான். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. விமானத்தில் வந்தபோது இடிபட்டு, முன் சக்கரத்துப் பிரேக் கட்டைகள் இரண்டும் கோணியிருந்தன. ஒன்று டயரில் உரசியது. இன்னொன்று கீழே இறங்கி நின்றது.

"டயர்ல பட்டா டயர அறுத்துடும். கீழ இறங்கினா கம்பிக்குள்ள போயிடும். ரிம்ல மட்டுந்தான் உக்காரணும்" என்றான். வந்ததிலிருந்து அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நான் பிரேக்கைப் பிடித்து அழுத்தினால் கட்டை ரிம்மில் ஒட்டி நிற்கும். அப்போது அவன் கட்டையின் திருகாணியை முடுக்க வேண்டும். இடது கையால் முடுக்கினான். திருகாணியோடு கட்டையும் திரும்பியது. அதை அசையாமல் பிடிக்க வேண்டியது வலது கை. விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. தளர்த்தி, நேராக்கி, மறுபடி முடுக்கினான். மறுபடியும் கோணியது. நான் இன்னொரு கையை நீட்டினேன்.

"நீ பிரேக்க மட்டும் பிடி."

பிடித்தேன். அவன் நெற்றியிலிருந்து வியர்வை ரிம்மில் சொட்டியது. துணியால் துடைத்தான். கடைசியில் என்னைப் பார்க்காமல், "சரி, கட்டையையும் நீயே பிடிச்சுக்க" என்றான்.

பிறகு சீக்கிரமே முடிந்துவிட்டது. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

சாப்பிடக்கூட நிற்காமல் சைக்கிளில் கிளம்பினான். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஆற்றங்கரை ரோட்டில் நன்றாகவே ஓட்டினான். பாலத்து இறக்கத்தில் எதிரே அறுவடை மெஷின் வந்தது. முன் பிரேக் வலது கைப் பக்கம்; இடது கைப் பக்கத்துப் பின் பிரேக் மட்டும் இறக்கத்தில் நிறுத்தாது. இரண்டு விரலால் இழுத்தது போதவில்லை. ரோட்டோர வைக்கோலில் காலை ஊன்றிச் சாய்ந்தான். முட்டியில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மெஷின் ஓட்டுகிறவர் இறங்கி வந்து, "பிரேக் பிடிக்கலீங்களா?" என்று கேட்டார்.

"பிரேக் நல்லாத்தாங்க இருக்கு" என்றான் அண்ணன்.

அவர் போனதும், "முன் பிரேக்க இடது பக்கம் மாத்திக்கலாம்ல அண்ணே?" என்றேன்.

"மாத்தலாம்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். மாற்றவில்லை. மெக்கானிக்கைக் கூட்டி வரட்டுமா என்று நான் கேட்டதற்கும் வேண்டாம் என்றான்.

இப்போது கும்பகோணத்தில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான். பஸ்ஸில்தான் போய் வருகிறான். ஒருநாள் அதே பஸ்ஸில் நானும் ஏறினேன். கூட்டத்துக்கு நடுவே இடது கையால் கம்பியைப் பிடித்து நின்றிருந்தான். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. நான் கூப்பிடவில்லை.