அவர் திரும்பிப் பார்த்த எண்

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் ஒரு பணிநிறைவுப் பாராட்டு விழா. மாலையைக் கையில் ஏந்தி நின்ற வேளையில் டேவிட் தொலைபேசியில் அழைத்தான். முனிர்காவில் அறையெடுத்துத் தங்கி ராக் இசைக்குழு நடத்தும் இளைஞன் அவன். "அங்கிள், ரோஸ்லின் ஆன்ட்டி காலையில போயிட்டாங்க" என்றான். மாலையை உரியவர் கழுத்தில் இட்டேன். பேச வேண்டியதைப் பேசி முடித்தேன். பிறகுதான் அமர்ந்தேன்.

உங்களில் பலர் அவரை அறிவீர்கள். தூத்துக்குடியில் பிறந்து, தில்லியின் ஒரு பெரிய மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். டேவிட்டின் குழுவுக்குப் பாட்டெழுதித் தந்தவரும் அவரே. என் தனித்தமிழ் அவருக்கு ஓயாத வேடிக்கை. "அண்ணாச்சி, நீங்க குளம்பி கேட்டா கடைக்காரன் முழிக்கான். நான் காபி கேக்கேன், நீங்க குடிங்க" என்பார்.

அவர் எழுதிய பாட்டு ஒன்று இப்படித் தொடங்கும்: 'எழுந்திரு, இருநூற்று நாற்பத்தெட்டே, வெயில் வந்தாயிற்று.' அது பேருந்தின் எண் என்றனர் சிலர். விடுதி அறை என்றனர் வேறு சிலர். கேட்டால் சிரிப்பார். மெட்டில் எண் அடங்கவில்லை, நாற்பது என்று சுருக்கினால் ஜல்தி முடிந்துவிடும் என்று டேவிட் முறையிட்டான். "மெட்டை நீட்டுலே" என்று சொல்லிவிட்டார்.

மோதி பாக்கில் நம் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழா வந்தது. அந்த இளைஞர்களுக்கு அதுவே முதல் மேடை. நிகழ்ச்சி நிரலைப் படித்த செயலாளர் கதிரேசனார், பாட்டின் எண்ணை இருநூற்று நாற்பத்தேழாகத் திருத்தி அச்சிட்டுவிட்டார். தமிழ் எழுத்துகள் அத்தனைதானே! தில்லியில் வளர்ந்த பிள்ளைகள் எழுத்தைக்கூடப் பிழையாக எண்ணுகிறார்கள் என்று வருந்தவும் செய்தார். எனக்கும் ஐயம் எழவில்லை. தமிழெழுத்தின் பெருமையைக் கால்மணி நேரம் முழங்கிவிட்டுப் பாடலை அறிமுகம் செய்ய எண்ணியிருந்தேன். குழுவினரும் திருத்தத்துக்கு இசைந்தனர்.

ரோஸ்லின் இசையவில்லை. எண்ணை மாற்றினால் பாட்டு வேண்டாம் என்று மேடையோரம் வந்து நின்றார். ஓர் எண்ணுக்காகப் பிள்ளைகளின் மேடையைக் கெடுக்கலாமா என்று கதிரேசனார் கடிந்தார். கிதாரைத் தோளில் மாட்டியபடி டேவிட் தரையைப் பார்த்து நின்றான். அப்போதுதான் அவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"எங்க வார்டுல பேர் தெரியாத ஒருத்தர் கிடந்தாரு, அண்ணாச்சி. ரோட்டுல அடிபட்டவரு, பேச்சு கிடையாது. எல்லாரும் இந்தியில 'தோ சௌ அட்தாலீஸ்'னு கட்டில் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவாவ. திரும்ப மாட்டாரு. நான் ராஜா, மணி, ஜோசப்புன்னு என்னென்னமோ பேர் சொல்லிப் பாத்தேன், அதுக்கும் இல்ல. ஒருநாள் காலையில சன்னலைத் தொறந்துட்டு, வெளையாட்டா நம்மூர்ப் பேச்சுல அந்த நம்பரைச் சொன்னேன். தலையைத் திருப்பி என்னையப் பாத்தாரு."

அன்று முதல் காலைதோறும் அப்படியே அழைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் திரும்பியிருக்கிறார். தேடி ஒருவரும் வரவில்லை. மழைக்காலத்தில் இறந்துபோனார். தமிழர்தாமா என்பதும் தெரியவில்லை.

"அதையும் மாத்திட்டா அவரை என்ன சொல்லிக் கூப்பிட?" என்றார்.

நான் மேடையேறினேன். "அடுத்து ஒரு பாடல். அதில் வரும் எண் இருநூற்று நாற்பத்தெட்டு. அது பிழையன்று" என்று மட்டும் சொல்லி இறங்கினேன். பாடினார்கள். முரசு அதிர்ந்ததில் முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசி வரிசையில் நின்ற ரோஸ்லின் மேடையைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் உடல்நலத்தைக் கதிரேசனார் நெடுநாள் வினவிக்கொண்டிருந்தார். நான் அவ்வளவு சுருக்கமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

ரோஸ்லினின் அடக்கத்திற்கு முன் தேவாலயத்தில் அதே பாட்டைப் பாடினார்கள். முரசு இல்லை, டேவிட்டின் கிதார் மட்டும். அருகிலிருந்த இளம் செவிலியர் ஒருவர் குனிந்து, அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டார். பொருள் விரிப்பதே என் வாழ்வு. ஆயினும், "ஒருவரின் பெயர்" என்பதற்கு மேல் எதுவும் சேர்க்கத் தோன்றவில்லை.

ரோஸ்லின் அம்மையாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஓர் அளவுகோல். என் சொல் தூயதா, அவையை அதிரச் செய்ததா என்றே இதுவரை பார்த்து வந்தேன். படுத்திருப்பவர் அதைக் கேட்டுத் தலையைத் திருப்புவாரா என்று இனிப் பார்ப்பேன்.