தம்பிக்குச் சொன்ன நிறங்கள்

சூப்பர் ஹீரோ கதைகளில் எனக்கு ஒத்துப்போகாதது காலக்கணக்குதான். நான் ஆரணியில் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போனபோது இளைஞனாக இருந்தவன் இன்றும் இளைஞன். எனக்கு மீசை நரைத்துவிட்டது. செத்தவர்கள் சில இதழ்கள் கழித்துத் திரும்பி வருகிறார்கள். எப்போது செத்தாய், எப்போது வந்தாய் என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். ஒவ்வொரு புத்தகத்திலும் வாங்கிய நாளையும் படித்து முடித்த நாளையும் அட்டையின் உள்பக்கம் எழுதிவைக்கிறவன் நான்.

தம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவன் படம் பார்க்கிறவன். பட்டு நெசவு அவன் தொழில். தறியை விட்டு எழுந்தால் நேராக என் அலமாரிக்கு வருவான். சர்க்கரை முற்றி இரண்டு கண்ணிலும் உள்ளே இரத்தம் கசிந்தபின் அது நின்றுபோயிற்று. வேலூரில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. இழை அறுந்தது தெரியாதவன் பட்டுத்தறியில் உட்கார முடியாது. தறி சும்மா நின்றது.

அதனால் மாலையில் நான் போய்ப் படித்துக்காட்டினேன். படக்கதையில் வசனம் சீக்கிரம் தீர்ந்துவிடும், மீதியெல்லாம் படம். நல்ல ஓவியர்கள் ஒரு வார்த்தையும் இல்லாமல் விடும் பக்கங்கள்தான் எனக்கு எப்போதும் பிடித்தவை. இப்போது அவைதான் சிரமம் கொடுத்தன. சிவப்பு மேலங்கி என்றால் தம்பிக்குப் போதாது. "இன்னா செவப்புண்ணா? அரக்கா, மொளகாப்பழமா?" என்பான். அரக்கு என்றேன். உடம்பு நீலம், முந்தி அரக்கு, கரையே இல்லை, இதை எந்தக் கடைக்காரன் எடுப்பான் என்று அவன் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன். நினைவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை, தம்பி மனைவி எங்கள் எதிரில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். காலையில் அவனுக்கு நெசவு கொடுக்கும் முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். அடுத்த புடவைகளுக்கான பாவு நூல் தயார், தறியில் ஏற்றுகிறீர்களா, வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தார். பேச்சு அதைப் பற்றியே போயிற்று. தம்பி திடீரென்று புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்கு அருகில் பிடித்தான். ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

"தோ, மேலங்கி அரக்கு. நல்லாத் தெரியுது. பாவு கொண்டாரச் சொல்லு."

அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "தெரியுதுன்றாரு, மாமா. சொல்லிடட்டுங்களா?"

போன வாரம் படித்த அதே வீரனின் கதைதான். ஆனால் இது மலிவுப் பதிப்பு. அட்டையில் மட்டும்தான் வண்ணம். எதிரில் இருந்த அவளுக்குத் தெரிந்தது அட்டை. உள்ளே எல்லாப் பக்கமும் கறுப்பு வெள்ளை. அவன் விரல் வைத்த கட்டத்தில் மேலங்கியே இல்லை.

அந்த நேரத்தில் எனக்குள் ஏதாவது நடந்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தமும் கேட்டன.

"உள்ள கலரே இல்லடா," என்றேன். "கறுப்பு வெள்ளை."

அவன் விரலை எடுக்கவில்லை. "மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றான். கோபம் இல்லை. "வேற எதனா சொல்லியிருப்பேன்ல."

அவள் பூவைக் கூடையில் போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பாவை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், இவருக்கு இன்னும் சரியாகவில்லை என்று முதலாளியிடம் சொன்னது உள்ளே கேட்டது. தம்பிக்கும் கேட்டது. புத்தகத்தை என் பக்கம் நீட்டினான்.

"எங்க உட்டோம்?"

பக்கத்தைத் தேடி எடுத்தேன். வசனம் இல்லாத பக்கம். கட்டடங்களின் மேல் மழை பெய்கிறது, ஆள் யாரும் இல்லை என்றேன்.

"சரி, மேல சொல்லு," என்றான்.