ரேடியேட்டரில் ஊற்றிய காவேரி

எங்கள் வீட்டில் அந்தக் கார் முதலில் கோலமாவில்தான் உருவானது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு பந்தயக் கார் செய்யப்போகிறேன் என்று கிளம்பிய என் அண்ணனுக்கு, அத்தனை பெரிய காகிதம் எங்கே கிடைக்கும்? கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வான். நான் அவனைச் சுற்றிக் கோடு இழுப்பேன். ஒரே ஒரு ஆள் உட்காரும் வண்டி. அவன் தோள் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வண்டியும்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதண்ணே, தொப்பைக்கு இடம் வேணாமா?" என்று கத்துவேன்.

அம்மா அந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டி அடுக்களைக்குப் போவாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த வருஷம் சுற்றுவட்டாரம் முழுக்கக் கூலிச் சண்டை. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் செத்துப்போனவர்கள் பெயரில்கூட நிலத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் தன் பங்கு வயலை, அதில் உழுதுகொண்டிருந்த குடும்பங்களுக்கே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, அடிபட்ட கார் ஒன்றின் எஞ்சினோடு வந்து நின்றான். சொந்தக்காரர்கள் எங்கள் வாசலில் காறித் துப்பினார்கள். அன்றைக்கு வாயை மூடியவள்தான் அம்மா.

டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறையில் குழாய்களைப் பற்றவைத்து வண்டியை முடித்தான். சென்னையில் ஒரு கார்க் கம்பெனி மேனேஜர், "பந்தயத்த முழுசா ஓடி முடிச்சிட்டு வாங்க தம்பி, டிசைன்ல வேலை போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். ஜெயிக்கக்கூட வேண்டாம், முடித்தால் போதும். சொந்தமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊரிலிருந்து வெளியேற அவனுக்கு வேறு வழியில்லை.

வண்டியை லாரியில் ஏற்றிய காலையில், அம்மா சாமி அறையிலிருந்து குடத்தோடு வந்தாள். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் மொண்டு வைத்த புதுத்தண்ணீர்.

"தம்பி, இதுக்குத் தண்ணி எங்க ஊத்தணும்?"

அண்ணன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். மேலே தெளிந்திருந்த தண்ணீர் போனதும் நான் குடத்தைப் பிடித்தேன். "போதும்மா, அடியில சேறு."

"சேறாம்ல சேறு! அந்த வண்டல்தான்டி உனக்குச் சோறு போட்டுச்சு." குடத்தை ஒரு குலுக்குக் குலுக்கி, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தாள்.

சென்னைக்கு வெளியே பழைய விமானத் தளத்தில் பந்தயம். "வடிச்சிட்டு நல்ல தண்ணி ஊத்துண்ணே" என்று கெஞ்சினேன். அவனுக்குத் தெரியாதா என்ன? வடிகுழாயில் கை வைத்தான், எடுத்துவிட்டான்.

"இத்தனை மாசம் கழிச்சு அம்மா பேசியிருக்கு. அத எப்படிடி வடிக்கிறது?"

முதல் சில சுற்றுகள் வண்டி என்னமாய்ப் போனது! நான் இழுத்த கோடு கண்ணெதிரே பறந்தது. தொண்டை கட்டும்வரை கத்தினேன். அப்புறம் வண்டியின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டல் அடைத்துக்கொண்டு, எஞ்சின் சூடேறி இறுகி, பாதியிலேயே நின்றது. மேனேஜர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அண்ணனை அடித்திருப்பேன். அவன் வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலுக்கே ஓடி வந்தாள். "ஓடுச்சா தம்பி?"

"ஓடுச்சும்மா."

"தண்ணி?"

"கடைசி வரைக்கும் சில்லுனு இருந்துச்சும்மா."

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வேலை வரவில்லை. வண்டி மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அடுத்த ஆடிப்பெருக்குக்கு அம்மா, இன்னொரு பந்தயத்துக்கும் ஆகட்டும் என்று, இரண்டு குடம் மொண்டாள். அண்ணன்தான் தூக்கி வந்தான்.