கதவு திறந்த நேரம்

ஒரு நாள் மாலை இணையம் நின்றது. கூடவே மலேசியாவில், பினாங்கிலுள்ள எங்கள் வீட்டு விளக்குகளும் கைப்பேசியின் பேச்சைக் கேட்க மறுத்தன. சுவரில் சுவிட்ச் இருந்தது. என் கணவர் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

"நம்ம வீட்டு லைட்டுக்கு எங்கயோ இருக்கிற கம்பெனிக்காரன்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமா லா?" என்று கொதித்தார். தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவர். வீட்டிலும் ஒன்று தன்னை மீறினால் அவருக்குப் பொறுக்காது.

அடுத்த வாரமே சின்னக் கணினிப் பெட்டி ஒன்று சுங்கை பினாங்கிலுள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. விளக்கு, மின்விசிறி, வாசல் கதவு எல்லாவற்றையும் இனி இதுவே இயக்கும், எது எப்போது எரிந்தது, திறந்தது என்ற பதிவும் அந்தக் கம்பெனிக்குப் போகாமல் இதற்குள்ளேயே இருக்கும் என்றார். சாமி மேடைக்குக் கீழேதான் பிளக் காலியாக இருந்தது, அங்கேயே வைத்தார். ஆயுத பூசையன்று அதற்கும் ஒரு பொட்டு விழுந்தது. வைத்தது நான்தான். எனக்கும் அது நல்ல காரியமாகவே பட்டது.

சில வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார். "நேத்து ரெண்டு மணிக்கே வந்துட்டியா? கதவு திறந்ததா காட்டுதே."

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பெட்டி ஒழுங்காக வேலை செய்கிற பெருமை அவர் முகத்தில் வழிந்தது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

நான் வேலை செய்யும் கிளினிக்கை டாக்டர் இல்லாத நாளில் மதியமே மூடிவிடுவார்கள். அன்றைக்குச் சூலியா தெருவில் கறிக்குழம்பு ஊற்றிய நாசி கண்டார் சோறு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். தரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும்வரை யாருக்கும் பதில் சொல்லாமல் படுத்துக் கிடப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த நேரம் என்னுடையது.

"எதுக்குங்க இதெல்லாம் பாக்குறீங்க?" என்றேன்.

"சும்மா கேட்டேன் லா. முன்னாடி அந்தக் கம்பெனிக்கும்தான் தெரிஞ்சுது. அது மட்டும் பரவாயில்லையா?"

"அவன் பார்த்தா பார்த்துட்டுப் போறான். ஏன் சீக்கிரம் வந்தேன்னு எதிர்ல உட்கார்ந்து கேக்க மாட்டான்."

மறுநாள் கதவின் பதிவை மட்டும் அழித்து, இனிமேல் பதியாதபடி நிறுத்தி, திரையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். நம்பினேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அடுத்த முறை கிளினிக் சீக்கிரம் மூடியபோது பொட்டலத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தேன். இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டேன். தலைவலி என்று சொல்லலாமா, மழை வரும்போல இருந்தது, துணி எடுக்க வந்தேன் என்று சொல்லலாமா என்று மனம் பதில் தேட ஆரம்பித்தது. யாரும் கேட்கப் போவதில்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் தேடிக்கொண்டே இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளி உடுப்புகளுக்கு இஸ்திரி போட எழுந்தேன்.