ருக்மணி பாய் மகனுக்குச் சொன்ன வரி

தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து, பிறர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுகிறவனுக்கு எழுத்தில் பிழை வந்தால் பொறுப்பு உண்டு. விஷயத்தில் உரிமை கிடையாது. இந்தத் தொழிலில் விரல் தேய்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த உறை

யுத்த காலம். மகால் பக்கத்துச் சந்திலிருந்து ருக்மணி பாய் வாரம் தவறாமல் வருவார். பட்டு நெய்கிற குடும்பம். ஒரே மகன் பட்டாளத்தோடு எகிப்தில் இருந்தான். அவர் சௌராஷ்டிர பாஷையில் சொல்வார். நான் ஒலியைப் பிடித்துத் தமிழ் எழுத்தில் எழுதுவேன். நிகண்டும் இலக்கணமும் கரைத்துக் குடித்தவன் பொருள் தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதியது அந்தப் பாஷையில்தான். ஒருநாள் தணிக்கையிலிருந்து உறை திரும்பி வந்தது. தபால் குமாஸ்தா ஜன்னல் வழியே நீட்டினார்.

“ஏதோ ரகசியச் சங்கேதம்னு பயப்படுறாங்கய்யா. இனிமே அம்புட்டையும் தமிழ்லயே எழுதித் தொலையும்.”

என் தமிழ்

எழுதினேன். ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம்’ என்று தொடங்கி, சந்தி பிசகாமல் இரண்டு பக்கம். ருக்மணி பாய்க்குத் தமிழ் நன்றாகவே வரும். படித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்குங்கய்யா. கடைக்காரர்கிட்ட நான் பேசுற மாதிரி இருக்கு.”

மகனின் கேள்வி

பதில் என் பெயருக்கு வந்தது, தமிழில். உறையைப் பிரித்த நான், அன்று வேறு யாருக்கும் எழுதவில்லை.

“ஐயா, அம்மா என்னிடம் ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. இந்தக் கடிதம் அம்மா சொன்னதல்ல. அம்மா போனது என்றைக்கு? மறைக்காமல் எழுதுங்கள்.”

வரிக்கு வரி

உயிரோடு இருக்கிறார் என்று தமிழில் எழுதினால் மகன் நம்பமாட்டான். அவர்கள் பாஷையில் எழுதினால் தணிக்கை விடாது. மூன்று மனுப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் பொருள் எழுதினால் அனுப்பலாம் என்று அனுமதி வாங்கினேன். ருக்மணி பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியைச் சொன்னார். பொருள் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“அது திட்டுங்கய்யா. தினம் காலையில அவனை அப்பிடித்தான் எழுப்புவேன். உங்ககிட்ட அர்த்தம் சொல்லக் கூசுது. ஆனா அதைப் பாத்தாத்தான் நான் உசுரோட இருக்கேன்னு நம்புவான்.”

அந்த வரியின் கீழே ‘மகனுக்கு அநேக ஆசீர்வாதம்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் அம்மாவுக்கே அவர்கள் பாஷையில், கீழே தமிழோடு பதில் வந்துவிட்டதால், என் வாழ்நாளில் பிழையில்லாமல் மொழிபெயர்த்தது அந்த ஒரு வரிதான் என்று சொல்லிக்கொள்கிறேன்.