வெறும் போத்தலுக்குப் பத்துக்குப் பத்து

கற்பூர மணம்தான் மனதை அமைதிப்படுத்துகிறதா, இல்லை கோயில் என்ற நினைப்பே போதுமா? இந்த உலகமகா கேள்விக்காக மெல்பேர்னில் எங்கள் பல்கலைக்கழகம் மூன்று பேரை ஒரே மேசையில் இருத்தியது. தலைவர் சமய உளவியல் பேராசிரியர், வெள்ளைக்காரர். கடவுளை நம்பாதவர், ஆனால் நம்புகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கண் மின்னும். கணக்குச் சரிபார்க்க வந்தவர் துகள் இயற்பியல்காரி, சென்னைப் பெண், எதையும் இலேசில் நம்பமாட்டார். மூன்றாவது நான், கரிம வேதியியல். ஜூனில் என் கொன்ட்ராக்ட் முடிகிறது. ஆய்வில் ஏதாவது தேறினால் இன்னும் இரண்டு வருடம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூன்று போத்தல்கள். ஒன்றில் மரத்துக் கற்பூரம். இன்னொன்றில் அதே மூலக்கூறின் இடம் வலம் மாறிய கண்ணாடிப் பிம்பம், மூன்று மாதம் நான் மாரடித்துச் செய்தது. மூன்றாவதில் வெறுங்காற்று. கிரெய்கிபர்ன் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் நம்மவர்கள் முகர்ந்து, எவ்வளவு அமைதி என்று பத்துக்குப் புள்ளி போட வேண்டும். அவர்களிடம் யாரும் எதுவும் கதைக்கக் கூடாது.

எனக்கோ வாய் சும்மா கிடக்காது. ஆய்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கோயிலில் கையில் சுண்டலோடு ஒரு அன்ரியிடம் என் கொன்ட்ராக்ட் கதையைச் சொல்லி மூக்கால் அழுதிருந்தேன்.

ஆய்வு நாளன்று எல்லோரும் எல்லாவற்றுக்கும் பத்துப் போட்டார்கள். தடிமன் பிடித்து மூக்கடைத்த ஒரு அங்கிள் வெறும் போத்தலை முகர்ந்து, கண்ணை மூடி, "முருகா!" என்று உருகினார். பேராசிரியரும் கூடவே உருகினார். கதிரைகளை அடுக்கும்போது அன்ரி என் காதோடு சொன்னார்:

"தம்பி, உங்கட வேலை போயிடக்கூடாதெண்டு எல்லாரையும் பத்துப் போடச் சொன்னனான். எது உங்கட போத்தல் எண்டு தெரியேல்ல, அதுதான் எல்லாத்துக்கும்."

ஐயோ! புள்ளித் தாள்களை அப்படியே பையில் திணித்தேன்.

திங்கட்கிழமை இயற்பியல்காரி தாள்களை மேசையில் போட்டார். "வெறும் பாட்டிலுக்கும் பத்தா? எங்க டிடெக்டர் துகளே இல்லாம கத்துச்சுன்னா, டிடெக்டரைத்தான் ரிப்பேர் பண்ணுவோம். பேப்பர் எழுத மாட்டோம்." பேராசிரியருக்கு அது காதிலேயே விழவில்லை. மணமே தேவையில்லை, நம்பிக்கையே போதும் என்று தலைப்பு எழுதத் தொடங்கிவிட்டார்.

இயற்பியல்காரி என் பக்கம் திரும்பினார். "யாராவது அவங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லை," என்றேன். பச்சைப் பொய். மூலக்கூறில் ஒரு அணு இடம் மாறினாலும் தூக்கம் வராத ஆள் நான். அன்று குறட்டை விட்டுத் தூங்கினேன்.

இயற்பியல்காரி தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். கட்டுரை வெளிவந்தது, என் பெயர் இரண்டாவதாக ஏறியது. கொன்ட்ராக்டும் நீண்டது. அடுத்த ஆய்வும் எனக்கே என்றார்கள்.

கோயிலில் அன்ரி ஓடி வந்தார். "வேலை நிண்டுதே தம்பி?"

"ஓம் அன்ரி."

"பாத்தீங்களே, சாமி கைவிடேல்ல. அடுத்த முறை எந்தப் போத்தலுக்குப் பத்துப் போடோணும் எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ. சும்மா எல்லாத்துக்கும் போட்டா ஆக்கள் சந்தேகப்படுவினம்."

வேண்டாம் அன்ரி என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்தேன்.